கெட்டுவிட்டது என்னும் சொல்லும் லெட்டூஸ் பாத்தியும்

பினாங்கில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போரிடம் லெட்டூஸ் வளர்ப்பைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: "போட்டுப் பார்த்தேன், கெட்டுவிட்டது." பள்ளித் தோட்டத்தில் பாத்தி அமைத்த மாணவர்களின் குறிப்பேடுகளிலும் இச்சொல்லே மிகுதி. கெடுதல் என்பது மிக அகன்ற வினைச்சொல். பால் கெடும், உடல் கெடும், பெயர் கெடும், காலமும் கெடும். இத்துணை அகன்ற சொல்லை ஒரு செடியின்மேல் போர்த்திவிட்டால் அச்செடிக்கு உண்மையில் நேர்ந்தது என்ன என்பது மறைந்துவிடுகிறது. விதை முளைக்கவே இல்லையா? முளைத்தபின் சாய்ந்ததா? ஒல்லியாக நெடுத்ததா? இலையோரம் கருகியதா? தண்டு ஓடிக் கசந்ததா? அடியில் அழுகியதா? இவை ஆறும் வேறு வேறு செய்திகள். ஆனால் ஒரே சொல்லால் சொல்லப்படும்போது மருத்துவமும் ஒன்றாகிவிடுகிறது: இன்னும் சிறிது தண்ணீர், இன்னும் ஒரு பிடி உரம். மேற்சொன்ன ஆறனுள் பெரும்பாலானவற்றுக்கு அவ்விரண்டும் மருந்தல்ல. சிலவற்றில் அவையே செடியைக் கொல்லும்.

தமிழில் சொல் இல்லாமையால் இந்நிலை நேர்ந்ததன்று. தேவநேயப் பாவாணர் தமிழின் சொல்வளத்தை எடுத்துக்காட்டும்போது கெட்டுப்போன காய்கனிகளுக்கு மட்டும் வழங்கும் பெயர்களை ஒரு தனிப் பட்டியலாகத் தருகிறார். சூம்பல், வெம்பல், சொத்தை, அளியல், அழுகல் என அது நீள்கிறது. சுருங்கியது சூம்பல், சூட்டினால் காலத்துக்கு முன் பழுத்தது வெம்பல், புழு அரித்தது சொத்தை. காயைக் கண்டு பெயரைச் சொன்ன மாத்திரத்தில் கேட்டின் காரணமும் உடன் சொல்லப்பட்டுவிடுகிறது. உழவர் வழக்கிலிருந்து வந்த சொற்கள் இவை. புலவர் எவரும் அறையில் அமர்ந்து ஆக்கியவை அல்ல. அதே பட்டியலில் தேரைக்காயும் உண்டு. தேரை அமர்ந்ததனால் கெட்டது என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்த பெயர் அது. தேரைக்கும் தேங்காயின் கேட்டுக்கும் தொடர்பில்லை. ஆகவே பெயர் காரணத்தைக் காட்டவும் வல்லது, பொய்க் காரணத்தைக் காட்டி ஏய்க்கவும் வல்லது. லெட்டூஸ் பாத்தியில் இவ்விரண்டுக்கும் சான்று கிடைக்கும்.

இரண்டாவதற்குச் சான்று செடியின் பெயரிலேயே இருக்கிறது. லெட்டூசுக்கு இலைக்கோசு என்றொரு புதிய ஆக்கம் தமிழில் வழங்குகிறது. கேட்பதற்கு இனிய சொல். ஆனால் தாவரவியல் நோக்கில் தவறான சொல். முட்டைக்கோசு கடுகின் குடும்பத்தது. லெட்டூஸ் சூரியகாந்தியின் குடும்பத்தது. முட்டைக்கோசை அழிக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு கடுகுக் குடும்பத்துப் பயிர்களையே நாடும், லெட்டூசை நாடாது. பெயரை நம்பி, கோசுக்கு அடிக்கும் மருந்தை வாங்கி லெட்டூசுக்கு அடிப்பவர் பணத்தை இழப்பதோடு, பச்சையாக உண்ணும் இலையில் வீணாக நஞ்சையும் ஏற்றுகிறார். இலத்தீன் மொழியில் இதன் பெயர் லக்டூகா. பால் என்னும் பொருள் தரும் லாக் என்ற சொல்லடியாகப் பிறந்தது. தண்டைக் கிள்ளினால் வெண்பால் கசியும். இச்செடியைப் பற்றி அறியவேண்டிய பாதியை அப்பெயர் சொல்லிவிடுகிறது. அந்தப் பாலுக்குப் பின்னர் வருவோம். நம் நகரில் சௌராஸ்தா சந்தையில் சலாட் என்று கேட்டால் போதும். சீனரின் காண்டனிய வழக்கில் இதன் பெயர் செல்வம் பெருகுதல் என்பதோடு ஒத்து ஒலிப்பதால், புத்தாண்டுச் சிங்க ஆட்டத்தில் சிங்கம் எட்டிப் பறிப்பதும் இக்கீரையையே. ஒலியொப்புமை ஒரு கீரைக்கு விழாவில் இடம் வாங்கித் தந்திருக்கிறது. நான் இவ்வுரையில் லெட்டூஸ் என்றே வழங்குகிறேன். தவறான தனித்தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல் என்பது என் கருத்து.

இனி இடத்தைப் பற்றி. லெட்டூஸ் குளிர்விரும்பி. 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில் அது நிறைவாக வளரும். ஜார்ஜ் டவுனில் நண்பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 31, 32 பாகையைத் தொடும். இரவிலும் 24 பாகை அளவில்தான் தணியும். கடைகளில் நாம் காணும் உருண்டை லெட்டூஸ் 1,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கேமரன் மலையின் விளைச்சல். நம் கொடிமலையின் ஒரு முகடு இன்றும் ஸ்ட்ராபெரிக் குன்று எனப்படுகிறது. குளிர்நாட்டுப் பயிருக்குக் குளிர்ந்த இடம் வேண்டும் என்பதைத் தொடக்ககாலக் குடியேற்றத்தார் அறிந்திருந்தனர் என்பதற்கு அப்பெயரே சான்று. கடற்கரைச் சமவெளியில், அடுக்குமாடி நடைவழியிலோ கடைவீட்டின் பின்முற்றத்திலோ லெட்டூஸ் வளர்க்க முற்படுவோர் அந்தக் குளிருக்கு மாற்றாக எதைச் செய்ய இயலும் என்பதே உண்மையான வினா. ஆங்கிலத் தோட்ட நூல்கள் இளவேனிலில் விதைக்கவும், கோடையின் நீண்ட பகலைத் தவிர்க்கவும் கூறும். ஏறத்தாழ 5 பாகை வடக்கில் இருக்கும் பினாங்கில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு 40 நிமிடத்துக்கும் குறைவு. ஆகவே அவ்வறிவுரையில் பகல்நீளம் பற்றிய பகுதி நமக்குப் பயன்படாது. நமக்குப் பகை வெப்பமும் மழையுமே.

முதலில் முளையாமை. விதை மோசம் என்று விற்றவரைக் குறைகூறுவதற்கு முன் ஒன்றை அறிதல் வேண்டும்: லெட்டூஸ் விதை பெரும்பாலும் செத்திருப்பதில்லை, உறங்குகிறது. ஈரம் பெற்ற விதை 27, 28 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தை உணர்ந்தால் முளைப்பதை நிறுத்திவைக்கும். இவ்வெல்லை வகைக்கு வகை சிறிது மாறும். வெயிலில் வைத்த கறுப்புத் தட்டில் மண் இவ்வெல்லையை எளிதில் கடந்துவிடும். விதையை ஈரத்தாளில் பரப்பி மூடி, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓரிரு நாள் வைத்திருந்து, மாலையில் வெளியே எடுத்து விதைத்தால் முளைப்புக்குரிய முதல் மணிநேரங்கள் இரவில் கழியும். தட்டை முளை தெரியும்வரை நிழலில் வைக்கவேண்டும்.

மற்றொரு காரணம் ஆழம். நம் பெரியோர் வெண்டையையும் அவரையையும் விரற்கடை ஆழத்தில் ஊன்றிப் பழகியவர்கள். அதே பழக்கத்தில் லெட்டூசையும் ஊன்றினால் முளைக்காது. இவ்விதைக்கு ஒளி வேண்டும். 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் முதலியோர் கிராண்ட் ராப்பிட்ஸ் என்னும் லெட்டூஸ் வகையின் விதைகளைக் கொண்டே ஓர் அரிய உண்மையைக் காட்டினர். சிவப்பொளி பட்டால் விதை முளைக்கிறது. அதனையடுத்துத் தொலைச்சிவப்பொளி பட்டால் அம்முடிவை மாற்றிக்கொள்கிறது. எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும் இறுதியில் பட்ட ஒளி எதுவோ அதற்கே பணிகிறது. தாவரங்களின் ஒளியுணர் நிறமியைக் கண்டறிய வழிகாட்டியது இச்சோதனை. அதே கிராண்ட் ராப்பிட்ஸ் விதையைத்தான் நாமும் உறையில் வாங்குகிறோம் என்பதை மாணவர்களுக்குச் சொல்லலாம். வெப்பம் கூடக்கூட விதையின் ஒளித்தேவையும் கூடுகிறது. எனவே விதையை மண்ணின்மேல் தூவி, மிக மெல்லிய தூளால் மூடுபனி போல் மறைத்தால் போதும்.

முளைத்த நாற்று சாய்ந்து கிடக்கிறது என்று மாணவர் எழுதினால், எவ்வாறு சாய்ந்தது என்று ஆசிரியர் கேட்கவேண்டும். கழுத்துப் பகுதி நீர்கோத்து மெலிந்து சாய்ந்திருந்தால் அது நாற்றழுகல். மண்ணில் வாழும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களின் செயல். நெருக்கமாகத் தூவியதும் மாலையில் நீர் ஊற்றியதும் பழைய மண்ணைப் பயன்படுத்தியதும் அதற்குத் துணைசெய்யும். தண்டு கத்தியால் அறுத்தாற்போல் மண்மட்டத்தில் துண்டாகியிருந்தால் அது வெட்டுப்புழு. அடுத்திருக்கும் மண்ணை விரலால் கிளறினால் சாம்பல் நிறப் புழு சுருண்டு கிடக்கும். முன்னதற்கு நீரைக் குறைத்துக் காற்றைக் கூட்டவேண்டும். பின்னதற்கு ஒரு காகிதக் குழாயைச் சுற்றி நட்டாலே போதும். சாய்ந்தது, அறுபட்டது என்னும் இரு சொற்களுக்கு இடையில் இவ்வளவு வேறுபாடு.

மிகுதியான குழப்பம் விளைவது உயரத்தில். "செடி உயரமாக வளர்ந்து வீணாயிற்று" என்பர். இதில் இரு வேறு நிகழ்ச்சிகள் கலந்திருக்கின்றன. ஒன்று நெடுத்தல். முளைத்த ஒரு வாரம் பத்து நாளுக்குள் நாற்று வெளிறி, நூல்போல் நீண்டு, ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஒளி போதாமையால் அது ஒளியைத் தேடிச் செல்கிறது. மற்றொன்று முற்றுதல். ஐந்தாறு வாரம் வளர்ந்த செடியின் நடுவிலிருந்து தடித்த தண்டு எழும். புதிய இலைகள் அகலம் குறைந்து கூராகும். கிள்ளினால் பால் மிகுதியாக வடியும். இதனைத் தண்டு ஓடுதல் என்றும் கூறுவர். செடி இலைப்பருவத்தை முடித்துக்கொண்டு பூக்கப் புறப்பட்டுவிட்டது என்பது பொருள். நெடுத்த நாற்றை வெளிச்சத்துக்கு நகர்த்தவேண்டும். முற்றத் தொடங்கும் பருவத்துச் செடிக்கு வெப்பத்தைக் குறைக்க நிழல் வேண்டும். இரண்டையும் உயரம் என்ற ஒரு சொல்லால் குறித்தால், ஒளி வேண்டிய நாற்றை நிழலில் வைப்பதும் நிழல் வேண்டிய செடியை வெயிலில் நிறுத்துவதுமாக மருத்துவம் தலைகீழாகிவிடும். அஞ்சடியில் தொட்டி வைத்திருப்போரிடம் முதலாவது மிகுதி. மொட்டை மாடியில் வைத்திருப்போரிடம் இரண்டாவது.

முற்றிய செடியைத் திருப்பிக் கொணர வழியில்லை. தண்டின் நுனியைக் கிள்ளினால் சில நாள் தள்ளிப்போகும்; கசப்பு போகாது. இங்குதான் அந்தப் பால். அதில் லக்டூசின் முதலிய கசப்புப் பொருள்கள் உள்ளன. தாவரம் தன் பூவையும் விதையையும் தின்ன வருவனவற்றிடமிருந்து காத்துக்கொள்ள உண்டாக்குபவை. தண்டு எழும்போது அவை பெருகும். எனவே லெட்டூஸ் கசக்கிறது என்ற குறையும் லெட்டூஸ் முற்றுகிறது என்ற குறையும் பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள். தீர்வு நாள்கணக்கில் இருக்கிறது. உருண்டையாகத் திரளும் வகையைச் சமவெளியில் விரும்புவது வீண் ஆசை. அது திரண்டு முடிவதற்குள் வெப்பம் அதனை முந்திவிடும். தனித்தனி இலையாக விரியும் வகையை நட்டு, விதைத்த 40 நாள் அளவில் உண்ணத் தொடங்கிவிடவேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைப்பவர் வீட்டில் முற்றிய செடி இருக்காது. யாவ் மாக் எனச் சந்தையில் விற்கப்படும் நீள் இலைக் கீரையும் லெட்டூசே. நம் வெப்பத்தை அது மற்ற வகைகளினும் நன்கு தாங்கும். புதிதாகத் தொடங்குவோர்க்கு நான் அதனையே பரிந்துரைப்பேன்.

வாடுதல், வதங்குதல் என்னும் இணையை இலக்கண ஆசிரியர்கள் விரும்புவர். வாடு என்பதற்கு வாட்டு எனவும், வதங்கு என்பதற்கு வதக்கு எனவும், கருகு என்பதற்குக் கருக்கு எனவும் பிறவினை உண்டு. தன்வினையில் சொல்லும்போது வினைமுதல் செடியாகிவிடுகிறது: செடி வாடியது. பிறவினையாக மாற்றினால் உடனே ஒரு வினா எழுகிறது: செடியை வாட்டியது எது? தோட்டக் குறிப்பேட்டில் ஒவ்வொரு வாக்கியத்தையும் இவ்வாறு பிறவினையாக்கி எழுதச் சொல்வது இலக்கணப் பயிற்சியாகவும் அமையும், நோய் காணும் பயிற்சியாகவும் அமையும். எழுவாய் தெரியாமல் வாக்கியம் முடியாது. ஆகவே மாணவர் மீண்டும் பாத்திக்குப் போய்ப் பார்த்தே தீரவேண்டும்.

நண்பகலில் தொங்கி மாலையில் நிமிரும் செடியை வாட்டியது வெயில். வேர் உறிஞ்சும் நீரைக் காட்டிலும் இலை இழக்கும் நீர் சில மணிநேரம் மிகுந்துவிட்டது, அவ்வளவே. அப்போது மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் நீர் ஊற்றுவோர் ஈரமான மண்ணைச் சேறாக்குகின்றனர். காலையிலேயே தொங்கி நிற்கும் செடியின் கதை வேறு. மண் வறண்டிருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் மூச்சு முட்டியோ அழுகியோ இருக்கிறது. இவ்வாறு மீளக்கூடியதை வாடுதல் என்றும் மீளாததை வதங்குதல் என்றும் நம் குறிப்பேட்டளவில் வரையறுத்துக்கொள்ளலாம். பேச்சு வழக்கில் இவை இடம் மாறி வருவதுண்டு; ஆயினும் வெங்காயத்தை வதக்கியபின் அது பழைய நிலைக்கு மீள்வதில்லை என்பதைச் சமைப்போர் அறிவர்.

வேரின் வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில் குளிருக்கு மாற்று எங்கே என்ற வினாவுக்கு விடை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது. 1990களில் சிங்கப்பூரில் பேராசிரியர் லீ சிங் கோங் முதலியோர் மண்ணில்லாத முறையில், வேர்கள் காற்றில் தொங்க அவற்றின்மேல் குளிர்ந்த ஊட்டநீரைத் தெளித்து லெட்டூஸ் வளர்த்தனர். இலைகள் வெப்பமண்டலத்தின் வழக்கமான சூட்டிலேயே இருந்தன. வேர்ப்பகுதி மட்டும் 20 பாகை அளவில் குளிர்விக்கப்பட்டது. செடிகள் நன்றாக வளர்ந்தன. செடி முழுவதையும் குளிர்விக்க வேண்டியதில்லை, வேரைக் குளிர்வித்தாலே பெரும்பகுதி வென்றுவிடலாம் என்பது இதன் பொருள். குளிரூட்டும் பொறி நம் வீட்டில் வேண்டியதில்லை. கறுப்பு நெகிழித் தொட்டியை விட்டொழித்து வெள்ளைத் தொட்டியைக் கொள்ளலாம். தொட்டிக்குள் தொட்டி வைத்து இடைவெளி விடலாம். மீன்கடையில் கழித்துப் போடும் வெண்ணிற பாலிஸ்டைரின் பெட்டியைக் கழுவி அடியில் துளையிட்டால் அதனினும் நல்ல தொட்டி இல்லை. பனிக்கட்டி உருகாமல் காக்கும் பெட்டி வேரையும் காக்கும். மண்ணின்மேல் வைக்கோலோ காய்ந்த புல்லோ இரு விரற்கடை பரப்பவேண்டும். தொட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் ஏற்றவேண்டும். காலை வெயில் மூன்று நான்கு மணிநேரம் விழுந்து பிற்பகலில் நிழலாகும் இடமே சிறந்தது. அத்தகைய இடம் இல்லையெனில் பாதி ஒளியைத் தடுக்கும் நிழல்வலை கட்டலாம். தொட்டியின் அடியில் தட்டு வைப்போர் அதில் நீர் தேங்கவிடக் கூடாது. கொசுப் பெருக இடம் தருவது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டத்துக்குரிய குற்றம் என்பது இருக்க, டெங்கிக் காய்ச்சல் தண்டத்தைவிடக் கொடியது.

கருகுதலில் மூன்று உண்டு. இடத்தைக் கொண்டு பிரிக்கலாம். வெயில் படும் மேற்பரப்பில் வெளுத்த திட்டு விழுந்து காய்ந்தால் அது வெயிலால் தீய்ந்தது. முதிர்ந்த வெளியிலைகளின் ஓரம் கருகினால் உரம் மிகுந்து உப்பேறியது. தொட்டியை ஒருமுறை நல்ல நீர் விட்டு அலசி வடியவிடவேண்டும். நடுவிலுள்ள இளந்தளிரின் ஓரம் பழுப்பாகிக் கருகினால் அது நுனிக்கருகல். மூன்றனுள் இதுவே வியப்புக்குரியது. இளந்தளிருக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச்சேரவில்லை. உடனே முட்டை ஓட்டை நொறுக்கி மண்ணில் போடுகின்றனர். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்று யார் சொன்னது? பெரும்பாலும் இருக்கிறது, போக வண்டி இல்லை. சுண்ணாம்புச் சத்து நீரோட்டத்தோடு மட்டுமே மேலேறும். இலை நீரை ஆவியாக வெளியிட்டால்தான் அவ்வோட்டம் வரும். உள்ளே மூடுண்ட தளிர் காற்றுப்படாமல், நம் ஊர்ப் புழுக்கத்தில் நீரை வெளியிடாமல் இருக்கிறது. வெளியிலைகளோ வரும் நீரையெல்லாம் வாங்கிக்கொள்கின்றன. தழைச்சத்தை மிகுதியாக இட்டு விரைவாக வளர்த்த செடியில் இக்குறை பெருகும். தீர்வு செடிக்குச் செடி 20 செண்டிமீட்டர் இடைவெளி, காற்றோட்டம், சீரான ஈரம், யூரியாவில் கைகட்டு. முட்டை ஓட்டை மட்குக் குழிக்கே அனுப்பலாம்.

பழுத்தலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அடியிலைகள் மட்டும் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு அல்லது முதுமை. எல்லா இலையும் வெளிறி வளர்ச்சி குன்றினால் மண்ணின் புளிப்பை ஐயுறலாம். பினாங்குத் தீவின் மண் கருங்கல் சிதைந்து உண்டானது. மழை அதன் சத்தைக் கரைத்துச் செல்வதால் இயல்பிலேயே புளிப்பானது. லெட்டூஸ் விரும்பும் பி.எச். அளவு 6க்கும் 6.8க்கும் இடையில். நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னர்ச் சிறிது டோலமைட் கலப்பது நலம்.

அழுகு என்பதற்கு மேற்சொன்ன வினைகளைப் போலப் பிறவினை இணை வழக்கில் இல்லை. அழுகச் செய்தது என்றே சொல்லவேண்டும். அழுகச் செய்வது பெரும்பாலும் ஐப்பசி மழை. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் பினாங்கில் மழை மிகும். மண்ணில் படிந்த அடியிலை வழியே பூஞ்சை ஏறிச் செடியின் அடி பழுப்பாகி வழுவழுக்கும். நாற்றை நடும்போது கழுத்தைப் புதைக்காமல் சற்று மேடாக நடுதல், மண்ணைத் தொடும் இலைகளை நீக்குதல், காலையில் மட்டும் வேரடியில் நீர்விடுதல், தெளிந்த நெகிழித் தாளால் கூரை அமைத்தல் ஆகியவை போதும். தைப்பூசத்தை ஒட்டிய மாதங்களில் மழை குறைந்து வெயில் ஏறும். தண்ணீர்மலைக் கோவிலுக்கு நடப்போரின் கால் சுடும் அந்நாள்களில் அழுகல் குறைந்து முற்றுதல் கூடும். ஆகவே வீட்டுத் தோட்டத்தார் ஆண்டு முழுவதும் ஒரே அறிவுரையைப் பின்பற்ற இயலாது.

இங்கு ஆசிரியர்களுக்கு ஒரு சொல். 2003ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் நம் நாட்டுப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்காக இல்லை. அந்நாளில் பயின்றோர் பலர் இன்று ஆசிரியராக இருக்கின்றனர். செடியின் கேட்டைச் சொல்லும் தமிழ் வினைகளை அவர்கள் பாட்டியிடம் கேட்டிருக்கலாம். வகுப்பில் கேட்டிருக்க வாய்ப்பில்லை. கலைச்சொல் அகராதியைத் தேடுவதற்கு முன் இவ்வினைகளை வகுப்புக்குக் கொணர்வது எளிது, செலவும் இல்லை. வகுப்பிலுள்ள பிள்ளைகளை வீட்டு முதியவர்களிடம் அனுப்பி, இலைக்கு நேரும் கேடுகளுக்கு அவர்கள் வழங்கும் சொற்களைத் திரட்டச் செய்யலாம். தோட்டப்புறத்திலிருந்து வந்த குடும்பங்களில் நாம் அறியாத சொற்களும் கிடைக்கும்.

இறுதியாகத் தின்னப்படுதல். தின்றவரைத் தின்ற முறையே காட்டிக்கொடுக்கும். இலைக்குள் வெண்கோடாகக் கோலம் வளைந்து சென்றால் இலைத்துளைப்பான். தளிரின் அடியில் பிசுபிசுப்போடு கூட்டமாக ஒட்டியிருந்தால் அசுவினி. நீரைப் பீய்ச்சியே உதிர்த்துவிடலாம். ஒழுங்கற்ற பெரிய ஓட்டைகளும், காலை வெயிலில் வெள்ளித்தடம்போல் மின்னும் கோடும் இருந்தால் நத்தை அல்லது ஓடில்லா நத்தை. முன்னவை செடியின் நலத்தைப் பற்றியவை. இஃது உண்பவர் நலத்தைப் பற்றியது. ஆதலால் பள்ளித் தோட்டம் வைத்திருப்போர் இதனைக் கடந்துபோகக் கூடாது. எலி நுரையீரல் புழு என ஓர் ஒட்டுண்ணி உண்டு. 1935இல் சீனாவின் காண்டன் நகர எலிகளில் கண்டறியப்பட்டு, அந்நகரின் பெயரையே அறிவியற்பெயரில் தாங்கியது. எலியின் எச்சத்தைத் தின்னும் நத்தைகளின் உடலில் அது வளர்கிறது. நம் தோட்டங்களில் மழைக்குப்பின் ஊரும் ஆப்பிரிக்கப் பெருநத்தை அதற்குப் பெயர்போன உறைவிடம். இலைமடிப்பில் ஒளிந்திருக்கும் சிறு நத்தையை அறியாமல் பச்சைக் கீரையோடு உண்டவர்க்கு அப்புழு மூளையுறை அழற்சியை உண்டாக்கக்கூடும். கடுந்தலைவலியும் கழுத்து விறைப்பும் தோன்றினால் மருத்துவரிடம் சென்று பச்சைக் கீரை உண்டதையும் சொல்லவேண்டும்.

பிள்ளைகள் நத்தையை வெறுங்கையால் எடுக்கக் கூடாது. கையுறையோ இடுக்கியோ வேண்டும். இருட்டியபின் விளக்கோடு சென்று பொறுக்குவதே சிறந்த வழி; அவை அப்போதுதான் வெளிவரும். பாத்தியைச் சுற்றிப் பலகை, ஓடு, குப்பை எதுவும் பகலில் அவை ஒளிய இடமாகக் கிடக்கக் கூடாது. பச்சைச் சாணமும் மட்காத கோழியெருவும் பச்சையாக உண்ணும் இலைக்கு ஆகா. பறிக்கும்போது நத்தை தின்ற இலையையும் தடம் பதிந்த இலையையும் கழித்துவிடவேண்டும். எஞ்சியதை ஒவ்வோர் இலையாகப் பிரித்து, இருபுறமும் பார்த்து, ஓடும் நீரில் கழுவவேண்டும். உப்புநீரிலோ காடியிலோ ஊறவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று நம்பியிருத்தல் கூடாது. ஐயம் இருப்பின் அன்றைய இலையைச் சமைத்துவிடுவதே வழி. யாவ் மாக்கை வளர்ப்போர்க்கு அதில் இழப்பும் இல்லை; சூடேறிய வாணலியில் பூண்டோடு இரண்டு நிமிடம் புரட்டினால் போதும், அவ்வினைக்குத் தமிழில் வதக்குதல் என்றே பெயர்.